கிளைக்கதை: நாவல் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாவல் எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளைப் படித்து, எங்கே தொய்கிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் கிளைக்கதையில் வந்து நிற்கும். ஒருவருக்கு அது போதவில்லை, இன்னொருவருக்கு அது அடங்கவில்லை. ஒரே பதிலைப் பலமுறை சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளப்போகிறேன். கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர். பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, யாரிடமும் சொல்லவில்லை. பழைய மணிக்கூண்டின் பெரிய கடிகாரத்தை ஓடவைக்கும் வேலையை ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரோடு வசிக்கும் மகள் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். இதை நான் எழுதப்போவதில்லை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கிளைக்கதை என்றால் சரியாக என்ன? நாயகனின் நண்பனுக்கு ஒரு காதல் இருக்கிறது என்று எழுதினாலே கிளைக்கதை ஆகிவிடுமா?

ஆகாது. நண்பனுக்குக் காதல் இருக்கிறது என்பது ஒரு தகவல். அவன் ஒன்றை விரும்ப வேண்டும், அதற்குத் தடை வர வேண்டும், தடையைத் தாண்ட அவன் ஏதாவது செய்ய வேண்டும், செய்ததனால் அவன் நிலைமை மாற வேண்டும். மையக்கதைக்கு எது இலக்கணமோ அதுதான் இதற்கும். அளவில்தான் சிறியது.

கடிகாரக்காரரின் மகள் வேலைக்குப் போகிறாள், அங்கே முன்கோபக்கார மேலாளர் ஒருவர் இருக்கிறார் என்பதெல்லாம் பின்னணி. பக்கத்து மேசைக்காரர் கணக்கில் செய்த பெரிய தவறு ஒன்று அவள் கண்ணில் படுகிறது, அவர் கெஞ்சுகிறார், மனம் இரங்கி மறைக்கச் சம்மதிக்கிறாள், மாதக் கடைசியில் தணிக்கை வரப்போகிறது என்றால் அது கிளைக்கதை. இப்போது வாசகர் "அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்" எழாத எதையும் கிளைக்கதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முன்கதை, உட்கதை, கிளைக்கதை எல்லாம் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?

வேலையும் வேறு. முன்கதை, நாவலின் முதல் வரிக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. உட்கதை, ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குச் சொல்லும் கதை. கிளைக்கதை மையக்கதை நடக்கும் அதே நாட்களில் அதன் பக்கத்திலேயே நடக்கிறது. அதன் முடிவு அதில் இருப்பவர்களுக்கே இன்னும் தெரியாது. இந்தத் தெரியாமைதான் அதன் பலம். முன்கதையில் எவ்வளவு பெரிய விபத்து நடந்திருந்தாலும் வாசகர் அதை நடந்து முடிந்த செய்தியாகத்தான் படிப்பார்.

நம் காப்பிய மரபு உட்கதைகளில் ஊறியது. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். நல்ல உட்கதை கிளைக்கதையின் வேலையைச் செய்துவிடுவதும் உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கோவலன் முன்பு செய்த நற்செயல்களை மாடலன் என்ற மறையவன் அவனிடமே சொல்கிறான். அவற்றில் ஒன்று, கீரிப்பிள்ளையைக் கொன்ற பழியால் கணவன் விட்டுப் போன பெண்ணுக்குக் கோவலன் உதவியது. குழந்தையைக் காத்த கீரியை விசாரிக்காமல் கொன்ற கதை கேட்பவர்களுக்குத் தெரியும் என்பதால் இளங்கோ அதை விரிக்கவே இல்லை, தொட்டுவிட்டுப் போகிறார். அடுத்து வருவது கொலைக்களக் காதை. விசாரிக்காமல் ஒரு கொலை நடக்கிறது, இறப்பவன் கோவலன். இரண்டையும் முடிச்சுப் போடும் வரி ஒன்றுகூட அங்கே இல்லை.

கிளைக்கதை இல்லாமல் நாவலே எழுத முடியாதா?

முடியும். ஒரே ஆள், ஒரே சிக்கல், நூற்றைம்பது பக்கம் என்றால் கிளைக்கதை இல்லாமலிருப்பதே நல்லது. மூச்சுவிடாமல் ஒருவனைப் பின்தொடர்வதுதான் அங்கே வாசகருக்குக் கிடைக்கும் இன்பம். "நாவல் என்றால் இரண்டு கிளைக்கதை இருக்க வேண்டுமாமே" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது, உங்கள் கதையில் எந்த இடத்தில் கிளைக்கதை தேவைப்படுகிறது என்று. பதில் இல்லையென்றால் தேவையும் இல்லை.

மையக்கதையோடு அது எப்படி ஒட்ட வேண்டும்? இரண்டும் ஒரே கருத்தைப் பேசினால் போதாதா?

போதாது. கைப்பிரதிகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான், அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும். மையக்கதை தனிமையைப் பற்றியது என்றால் கிளைக்கதையிலும் தனிமையான ஒருவரை உட்காரவைத்துவிட்டு, ஒட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே கருத்தை இருவர் மாறி மாறிச் சொன்னால் வாசகருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டாமவர் வரும்போது வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஒட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிகழ்ச்சியால் ஒட்டுவது. கிளையில் நடக்கும் ஒரு செயல் மையத்தில் ஒரு கதவைத் திறக்கும் அல்லது அடைக்கும். மற்றது கேள்வியால் ஒட்டுவது. மையப் பாத்திரத்தின் முன் நிற்கும் அதே கேள்வியைக் கிளையில் வேறொருவர் எதிர்கொண்டு, வேறு பதில் சொல்வார். நம் கடிகாரக்காரர் தன் குறையை மறைக்கிறார். மகள் இன்னொருவரின் குறையை மறைக்கிறாள். "மறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது இருவருக்கும் பொதுவான கேள்வி. அவர் தன்மானத்துக்காக மறைக்கிறார், அவள் இரக்கத்தால். இந்த வேறுபாடுதான் கிளைக்கதைக்கு நியாயம் செய்கிறது. மகளும் தன் குறை ஒன்றை மறைத்திருந்தால் வெறும் எதிரொலியாகியிருக்கும்.

இரண்டு வழிகளும் ஒரே காட்சியில் சேர்ந்துவிட்டால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. தணிக்கைக்கு முந்தின இரவு. மகள் பகல் முழுக்கப் பக்கத்து மேசைக்காரரையே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தவறு இருக்கும் கோப்பைத் தொடும்போது அவர் கை ஒரு நொடி நிற்கும், பிறகு தேவைக்கு மேல் வேகமாகத் திறக்கும். வீட்டுக்கு வருகிறாள். அப்பா மேசைமேல் ஒரு திருகாணியைத் தேடுகிறார். அவர் விரல்கள் ஒரு நொடி நிற்கின்றன. பிறகு உள்ளங்கையால் மேசையை வேகமாக வழித்து, கையில் பட்டதை எடுத்து, "கிடைத்துவிட்டது" என்கிறார். கையில் இருப்பது திருகாணி அல்ல, உடைந்த பென்சில் முனை. மகள் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.

அலுவலகக் கதை இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு நடக்க வேண்டுமென்றால், ஒரு மருத்துவரோ தற்செயலாகக் கிடைத்த ஒரு கடிதமோ வந்து அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே யாரும் சொல்லவில்லை. கிளைக்கதை அவளுக்கு ஒரு பார்வையைப் பழக்கிவிட்டது, அந்தப் பார்வையோடு வீட்டுக்கு வந்தாள். அதோடு, தானே ஒன்றை மறைத்துக்கொண்டிருப்பவள் அப்பாவை எந்த முகத்தோடு கேட்பாள்? அதனால்தான் விளக்கு நகர்கிறது, வாய் திறக்கவில்லை.

எத்தனை வைக்கலாம்? "கதையைப் பொறுத்தது" என்று சொல்லாமல் ஓர் எண் சொல்லுங்கள்.

முதல் நாவல் என்றால் ஒன்று. துணிந்தவர்களுக்கு இரண்டு. எண்ணாகக் கேட்டதால் எண்ணாகவே சொல்லிவிட்டேன்.

காரணம் வெறும் கூட்டல் கணக்கு. முந்நூறு பக்க நாவல், ஒரு காட்சிக்குச் சராசரியாக ஐந்து பக்கம் என்று வைத்தால் மொத்தம் அறுபது காட்சிகள். ஒரு கிளைக்கதை முதல் பதிலில் சொன்னபடி கதையாக நிற்க வேண்டுமானால் ஐந்து காட்சிகளாவது வேண்டும். அது இருபத்தைந்து பக்கம். மூன்று கிளைக்கதை என்றால் எழுபத்தைந்து பக்கம், நாவலில் கால்வாசி. அந்தக் கால்வாசியை மையக்கதை தாங்குமா என்று பாருங்கள். நான்கு கிளைக்கதை வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு காட்சி மட்டும் கொடுப்பவர்கள் உண்டு. அவை பாதியில் நிற்கும் வீடுகள்.

எப்போது தொடங்குவது? முதல் அத்தியாயத்திலேயே கொண்டுவந்துவிடலாமா?

யாருடைய கதை இது என்பது வாசகர் மனத்தில் பதிந்த பிறகு தொடங்குங்கள். அதற்கு முன்பே இரண்டு பேரைக் காட்டினால் யார் கையைப் பிடித்துக்கொண்டு போவது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கிளைக்கதையின் ஆள் அதற்கு முன்பே கண்ணில் பட்டிருக்கலாம். மகள் முதல் அத்தியாயத்தில் காலை அவசரத்தில் கிளம்பிப் போகட்டும், அலுவலகச் சிக்கல் மூன்றாவதில் வரட்டும்.

முதல் கால்பகுதி தாண்டிய பிறகு புதிய கிளைக்கதை தொடங்குவது ஆபத்து. பாதிக்கு மேல் தொடங்கினால், மையக்கதையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று வாசகர் சந்தேகப்படுவார். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் சரியாகவே இருக்கும்.

ஒரு அத்தியாயம் மையக்கதை, ஒரு அத்தியாயம் கிளைக்கதை என்று மாற்றி மாற்றி எழுதுகிறேன். ஒழுங்காக இருக்கிறதே?

ஒழுங்காக இருப்பதுதான் தொல்லை. நாலைந்து அத்தியாயங்களில் வாசகர் அந்த ஒழுங்கைக் கண்டுபிடித்துவிடுவார். தனக்குப் பிடித்த கதையை மட்டும் படித்துக்கொண்டு இன்னொன்றைத் தாண்டிப் போவார். நீங்களே அவருக்கு வழி போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும்.

மையக்கதைக்கு எங்கே காலம் கடக்க வேண்டியிருக்கிறதோ அங்கே கிளைக்கதையை வையுங்கள். மணிக்கூண்டுக் கடிகாரத்தின் பல்சக்கரம் ஒன்று தேய்ந்துபோயிருக்கிறது, புதிதாக வார்த்து வர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்தில் கடிகாரக்காரரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. "மூன்று வாரங்கள் கடந்தன" என்று எழுதுவதற்குப் பதில் அந்த வாரங்களை மகளுக்குக் கொடுங்கள். திரும்பி வரும்போது சக்கரம் வந்திருக்கும், அவர் பார்வையும் இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கும். காலம் கடந்ததை வாசகர் தானாகவே உணர்ந்திருப்பார்.

விறுவிறுப்பாகப் போகும்போது நடுவில் கிளைக்கதை வந்தால் வேகம் செத்துவிடாதா?

வேகம் குறையும், ஆனால் பதற்றம் குறைய வேண்டியதில்லை. பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணுகிறார்கள். கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தில் போர் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் இரணியன் வதைப் படலம் என்று ஒரு படலமே வருகிறது. வான்மீகத்தில் அது இல்லை, கம்பர் சேர்த்தது. வேகத்தை மட்டும் பார்க்கிற திருத்துநர் யாராவது அன்று இருந்திருந்தால் அதை வெட்டச் சொல்லியிருப்பார்.

அது நிற்பதற்குக் காரணம், சொல்பவன் வீடணன், கேட்பவன் இராவணன். வரங்களை நம்பி, நல்லது சொன்ன மகனின் பேச்சைக் கேட்காமல் அழிந்தவனின் கதையை, வரங்களை நம்பி நல்லது சொல்லும் தம்பியின் பேச்சைக் கேட்காத ஒருவனிடம் சொல்கிறான். ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் "இவன் காதில் ஏறுமா?" என்ற மையக்கதையின் கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏறவில்லை. வீடணன் துரத்தப்படுகிறான், கதை திரும்புகிறது. உங்கள் கிளைக்கதைக் காட்சியின் அடியிலும் மையக்கதையின் கேள்வி ஓடுமானால் எவ்வளவு பரபரப்பான இடத்திலும் அதை வைக்கலாம். ஓடாவிட்டால் அமைதியான இடத்தில்கூட அது இடைஞ்சல்தான்.

கொஞ்சம் இடைவெளி விட்டு வந்தால் படிப்பவர்கள் "இவர் யார்?" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டுமா?

நினைவூட்டும் பத்தி எழுதாதீர்கள், அது தொடர்கதைகளின் முன்கதைச் சுருக்கம் மாதிரி ஆகிவிடும். ஆளோடு சேர்ந்தே வரும் ஒரு பொருளையோ பழக்கத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசைக்காரர் பேனா மூடியைக் கடிப்பவர் என்றால், நாற்பது பக்கம் கழித்துக் கடிபட்ட மூடி ஒன்று மேசையில் கிடந்தாலே போதும். பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். அற்பமான யோசனை, ஆனால் இதனாலேயே தீர்ந்த குழப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காதல் கிளைக்கதை கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். சேர்த்துவிடட்டுமா?

யார் சொன்னார்கள்? எத்தனை என்று கேட்டபோது போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். இருக்கும் ஒன்றிரண்டு இடங்களில் ஒன்றைத் தேவையில்லாத காதலுக்குக் கொடுக்கப்போகிறீர்கள். மையக்கதையின் கேள்வியைக் காதலர்களிடமும் கேட்க முடிந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

என் நாவல் "நான்" என்று தன்மையில் போகிறது. சொல்பவன் இல்லாத இடத்தில் நடக்கும் கிளைக்கதையை எப்படிக் காட்டுவது?

முழுதாகக் காட்ட முடியாது, அதையே சாதகமாக்கிக்கொள்ள வேண்டும். சொல்பவனுக்குத் துண்டுகள்தான் கிடைக்கும். தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சு, நேரம் தவறி அணையும் விளக்கு, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில். அவன் அந்தத் துண்டுகளைத் தவறாக இணைக்கட்டும், வாசகர் அவனுக்கு முன்பே சரியாக இணைத்துவிடட்டும். கடிகாரக்காரரே "நான்" என்று சொல்லும் கதையாக இதை எழுதினால், மகள் இரவில் தூங்காமல் உட்கார்ந்திருப்பதை அவர் தன்னைப் பற்றிய கவலை என்றுதான் எடுத்துக்கொள்வார். பார்வை குறைந்தவர் கதை சொல்வதில் இப்படியொரு லாபமும் இருக்கிறது.

செய்யக்கூடாதது ஒன்று. சொல்பவன் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு முழு உரையாடலையும் ஒட்டுக்கேட்பது. ஒரு நாவலில் ஒருமுறை மன்னிக்கலாம்.

கிளைக்கதையை வைத்து மையக்கதையின் சிக்கலைத் தீர்த்துவிடலாமா? எனக்கு அப்படித்தான் முடிவு கிடைத்திருக்கிறது.

இங்கே கவனம் வேண்டும். கிளைக்கதை மையப் பாத்திரத்துக்கு ஒரு தகவலையோ ஒரு பார்வையையோ புதிய தொல்லையையோ கொடுக்கலாம். தீர்வைக் கையில் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரரின் அண்ணன் பெரிய கண் மருத்துவர் என்று கடைசியில் தெரியவந்தால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார். எறிவது நியாயம்.

ஆனால் கெடுப்பதற்கு இந்தத் தடை கிடையாது. கிளைக்கதையால் மையச் சிக்கல் மோசமானால் வாசகர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்வார். தணிக்கையில் மகளின் வேலை போகிறது. வீட்டுக்கு இனி அப்பாவின் கடிகார வருமானம்தான். பார்வை போகிறது என்று இப்போது எப்படி அவர் வாய்திறப்பார்? இந்த மாதிரித் தற்செயலைத் தற்செயல் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டு கதைகளின் மாந்தர்களும் சந்திக்காமலேயே இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் கேள்வியால் ஒட்டும் ஒட்டு மிக உறுதியாக இருக்க வேண்டும். டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' இதற்குப் பெரிய சான்று. அன்னாவின் கதையும் லெவினின் கதையும் நாவல் நெடுக அருகருகே போகின்றன. உறவினர்களும் நண்பர்களும் இரு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். அன்னாவும் லெவினும் நேருக்கு நேர் சந்திப்பது ஒரே ஒருமுறை, அதுவும் ஏழாம் பாகத்தில். இரண்டு கதைகளும் இணையவில்லை என்ற குறை அந்தக் காலத்திலேயே எழுந்தது. 1878இல் எழுதிய ஒரு கடிதத்தில் டால்ஸ்டாய் அதற்குப் பதில் சொன்னார். கட்டடத்தின் வளைவுகள் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாதபடி கட்டியிருப்பதே தனக்குப் பெருமை என்றும், அந்த இணைப்பு நிகழ்ச்சிகளிலோ மாந்தர்களின் அறிமுகத்திலோ இல்லை, உள்ளே இருக்கிறது என்றும் அதில் சொல்கிறார்.

இதைப் படித்துவிட்டு "என் நாவலிலும் இணைப்பு உள்ளே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. உள்ளே எங்கே என்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சந்திக்க வைத்துவிடுவதே நல்லது.

படித்தவர்கள் எல்லோரும் கிளைக்கதைதான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பாராட்டா, திட்டா?

பாராட்டுப் போலத் தோன்றும் எச்சரிக்கை. எனக்கே நடந்திருக்கிறது. நான் எழுதி, வெளியிடாமல் மூட்டை கட்டி வைத்த நாவலில் ஓர் ஆசிரியர் தன் ஓய்வுக்குப் பின்னான வெறுமையைப் பற்றி இருநூறு பக்கம் யோசிப்பார். மாடியில் குடியிருக்கும் இளைஞன் ஒருவன் மொத்தம் ஆறு காட்சியில் வருவான், விற்றுப்போன தன் அண்ணனின் வயலினைத் தேடி அலைவான். படித்த மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். வயலின் கிடைத்ததா?

காரணம் அப்போது விளங்கவில்லை, இப்போது தெரிகிறது. இளைஞனுக்கு ஒன்று வேண்டியிருந்தது, அதற்காகப் படியேறி இறங்கினான். ஆசிரியருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, உட்கார்ந்திருந்தார். மையக்கதையில் பெரிதாக எழுத வேண்டும் என்ற பயத்தில் நம் கை இறுகிவிடுகிறது. கிளைக்கதைதானே என்று எழுதும்போது தளர்ந்து, உயிர் வந்துவிடுகிறது.

இரண்டு வழிகள். மையப் பாத்திரத்துக்கு அதே அளவு வேட்கையைக் கொடுத்துத் திருத்தி எழுதுங்கள். அல்லது கிளையை மையமாக்கி, மையத்தைக் கிளையாக்குங்கள். கிளைக்கதையை மட்டுப்படுத்துவது என்ற மூன்றாவது வழியைத்தான் நான் அன்று தேர்ந்தெடுத்தேன். மூட்டை இன்னும் பரணில் இருக்கிறது.

எல்லாக் கிளைக்கதைகளையும் முடித்துவைக்க வேண்டுமா? கடைசி அத்தியாயம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடுகிறதே?

எல்லாவற்றையும் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளினால் அப்படித்தான் ஆகும். சிறியது முதலில் முடியட்டும். மையக்கதையின் உச்சத்துக்கு முன்பே தணிக்கை வந்து போய்விட வேண்டும், அதன் விளைவோடு மகள் உச்சக்கட்டத்துக்குள் நுழைய வேண்டும். முடிப்பது என்றால் முடிச்சுப் போட்டுக் கத்தரிப்பது அல்ல. எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்பதுதான் கணக்கு. பக்கத்து மேசைக்காரர் அப்புறம் எங்கே போனார் என்று சொல்லத் தேவையில்லை. அவள் வாய் திறந்தாளா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

மையக்கதை முடிந்த பிறகும் கிளைக்கதை தொடரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. முந்திய பதில் ஒன்றில் சொன்ன அதே நாவலில் ஏழாம் பாகத்தின் முடிவில் அன்னா இறந்துவிடுகிறாள். எட்டாம் பாகம் பெரும்பாலும் லெவினுடையது. அதைத் தொடராக வெளியிட்டுவந்த பத்திரிகை எட்டாம் பாகத்தைப் போட மறுத்தது. செர்பியப் போர் பற்றி டால்ஸ்டாய் அதில் எழுதியதைப் பத்திரிகை ஆசிரியர் ஏற்கவில்லை. 1877இல் அந்தப் பாகம் தனி நூலாக வந்தது. லெவினைக் கிளை என்று சொல்வதே தவறோ என்று தோன்றுவது அந்த எட்டாம் பாகத்தில்தான். அந்த அளவுக்குச் சம பலம் இல்லாத கிளையை உச்சத்துக்குப் பின் நீட்டாதீர்கள்.

எழுதி முடித்துவிட்டேன். ஒரு கிளைக்கதை தேவையா, வெட்ட வேண்டுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சோதனை பழையது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு தெரியாத பகுதி, முழுமையின் உறுப்பே அல்ல என்று அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொல்லிவிட்டார். நான் செய்வது, பிரதியின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளைக்கதைக் காட்சிகளை மட்டும் உருவிவிட்டு மிச்சத்தைப் படிப்பது. மையக்கதையில் எங்கெல்லாம் "இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்?" என்று தடுக்குகிறதோ அங்கெல்லாம் கிளை வேரோடியிருக்கிறது. தடுக்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் வெட்டிவிடலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடுக்கினால், கிளைக்கதை முழுவதும் வேண்டாம். அந்த இடத்துக்குத் தேவையானதை ஒரு காட்சியாக்கி மையக்கதைக்குள் வையுங்கள்.

நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பது வைத்திருக்கக் காரணமாகாது. 1605இல் வந்த 'டான் கிஹோட்டே' முதல் பாகத்தில், சத்திரத்தில் கிடைத்த கைப்பிரதியிலிருந்து வாசிப்பதாக ஒரு தனிக்கதையே செருகப்பட்டிருக்கிறது. 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பாத்திரமே வந்து, அந்தக் கதை மோசமானது என்பதால் அல்ல, இடம் பொருந்தவில்லை, நாயகனின் கதையோடு அதற்குத் தொடர்பில்லை என்று வாசகர்கள் குறை சொல்வதாக நாயகனிடமே தெரிவிக்கிறது. தன்மேல் வந்த குறையைத் தன் நாவலுக்குள்ளேயே கதைப்பொருளாக்கும் துணிச்சல் செர்வாண்டிஸுக்கு இருந்தது. நமக்குக் கத்தரிக்கோல் போதும்.

ஆசையாக எழுதியதை வெட்டிவிட்டேன். அதைத் தனிச் சிறுகதையாக ஆக்கலாமா?

ஆக்கலாம், அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. நல்ல கிளைக்கதை மையக்கதைமேல் சாய்ந்து நிற்கப் பழகியது, தனியே நிறுத்தினால் சரியும். பக்கங்களைப் பார்க்காமல் நினைவிலிருந்து புதிதாக எழுதுங்கள். நாவலில் அதற்கு ஐந்து காட்சிகள் தேவைப்பட்டிருக்கும், சிறுகதையில் பெரும்பாலும் நான்காவது காட்சியிலிருந்தே தொடங்கலாம். மகளின் கதையை அப்படி எழுதினால், தணிக்கையாளர் வந்து உட்கார்ந்து முதல் கோப்பைக் கேட்கும் இடத்திலிருந்து தொடங்குவேன். பக்கத்து மேசைக்காரரின் கை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பது என் முதல் வரியாக இருக்கும்.